ஒரே கட்டுரையில் 403 புதிய குளவிகள்: பெயர் சூட்டுவது எப்படி, சர்ச்சை எதற்கு?

"புதிய குளவி இனம் கண்டுபிடிப்பு" என்று அவ்வப்போது செய்தி வரும். ஒன்று, இரண்டு என்றால் படித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். 2021இல் கோஸ்டா ரிக்காவின் காடுகளிலிருந்து 403 புதிய இனங்கள் ஒரே ஆய்வுக் கட்டுரையில் வெளிவந்தன. குழப்பம் அங்கேதான் தொடங்கியது. இத்தனை நாள் இவை எங்கே இருந்தன? ஒரே மூச்சில் 403 பெயர்களைச் சூட்டுவது எப்படி? மகிழ்ந்திருக்க வேண்டிய வகைப்பாட்டு அறிஞர்களிலேயே பலர் அந்தக் கட்டுரையைக் கடுமையாக எதிர்த்தார்களே, அது ஏன்?

இதற்கு விடை தெரிய, ஒரு பூச்சிக்குப் பெயர் வைப்பது என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கண்டுபிடிப்பு வேறு, விவரிப்பு வேறு

செய்திகள் "கண்டுபிடிப்பு" என்கின்றன. வகைப்பாட்டியலில் வழங்கும் சொல் "விவரிப்பு". பூச்சியைப் பிடிப்பது ஒரு நாள் வேலை. அது இதுவரை பெயரில்லாத இனம் என்று காட்டி, மற்ற இனங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று எழுதி, பெயரோடு வெளியிடுவதுதான் விவரிப்பு. இரண்டுக்கும் நடுவே பல ஆண்டுகள் ஓடிவிடும். 2012இல் வெளிவந்த ஒரு கணக்கெடுப்பின்படி, ஒரு மாதிரி முதலில் சேகரிக்கப்பட்ட நாளுக்கும் அந்த இனம் விவரிக்கப்படும் நாளுக்கும் இடையிலான சராசரி இடைவெளி 21 ஆண்டுகள்.

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவைச் சேர்ந்த மெகலாரா கருடா என்ற குளவியைப் பாருங்கள். ஆண் குளவியின் தாடைகள் அதன் முன்னங்கால்களைவிட நீளமானவை. ஒருமுறை பார்த்தவர் மறக்க முடியாத உருவம். பெயர் கிடைத்தது 2012இல். ஆனால் 1930களில் பிடிக்கப்பட்ட ஒரு மாதிரி பெர்லின் அருங்காட்சியகத்தின் பெட்டியில் அதுவரை பெயரின்றி இருந்தது. இவ்வளவு பெரிய, இவ்வளவு விசித்திரமான குளவிக்கே இந்த நிலை என்றால், ஒரு மில்லிமீட்டர் குளவிகளின் கதையைச் சொல்லவே வேண்டாம். கோஸ்டா ரிக்காவின் 403 இனங்களும் ஒரே நாளில் பிடிபட்டவை அல்ல. பல ஆண்டுகளாகச் சேர்ந்த மாதிரிகளுக்கு ஒரே நேரத்தில் பெயர் வந்தது, அவ்வளவுதான்.

எந்தக் குளவிகளைப் பற்றிப் பேசுகிறோம்?

குளவி என்றதும் கூடு கட்டிக் கொட்டும் பூச்சிதான் நினைவுக்கு வரும். அவை குளவி உலகின் சிறு பகுதி. பெரும்பான்மை ஒட்டுண்ணிக் குளவிகள். பெண் குளவி வேறொரு பூச்சியின் முட்டையிலோ, புழுவிலோ, கூட்டுப்புழுவிலோ முட்டையிடும். அந்தப் பூச்சிக்கு ஓம்புயிர் என்று பெயர். முட்டையிலிருந்து வரும் குளவிக்குஞ்சு ஓம்புயிரைத் தின்று வளரும். பேனோ உண்ணியோ தன் ஓம்புயிரை உடனே கொல்வதில்லை. ஒட்டுண்ணிக் குளவியோ முடிவில் கொன்றுவிடும். "குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்று நம் முன்னோர் சொன்னதில் பார்வைப் பிழை இல்லை. புழு இருந்த இடத்திலிருந்து குளவி வெளியே வந்ததை அவர்கள் கண்டார்கள். நடுவே ஒரு முட்டை இருந்தது மட்டும் கண்ணில் படவில்லை.

இக்நியூமோனிட் குடும்பத்தில் ஏறத்தாழ 25,000 இனங்களும், பிரகோனிட் குடும்பத்தில் ஏறத்தாழ 20,000 இனங்களும் இதுவரை விவரிக்கப்பட்டுள்ளன. சால்சிட் வகைகளோ பெரும்பாலும் சில மில்லிமீட்டரைத் தாண்டாதவை. பூச்சிகளில் வண்டுகளே எண்ணிக்கையில் முதலிடம் என்று நீண்ட காலமாகச் சொல்லி வந்தோம். 2018இல் வெளியான ஒரு ஆய்வு, ஒவ்வொரு பூச்சி இனத்துக்கும் எத்தனை தனிப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகள் உண்டு என்ற கணக்கிலிருந்து தொடங்கி, குளவி, எறும்பு, தேனீ அடங்கிய வரிசையின் இனங்கள் வண்டுகளைவிட 2.5 முதல் 3.2 மடங்கு இருக்கலாம் என்று மதிப்பிட்டது.

வெப்பமண்டலம் பற்றி ஒரு பழைய தவறு இங்கே சொல்லத் தகுந்தது. பெரும்பாலான உயிரினங்கள் நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் பெருகும். இக்நியூமோனிட் குளவிகள் மட்டும் விதிவிலக்கு என்று 1970களிலும் 1980களிலும் பலர் எழுதினார்கள். வட அமெரிக்காவில் அவற்றின் உச்சம் 38 முதல் 42 பாகை வடக்கில் இருக்கிறது என்று 1981இல் எழுதியவர் அமெரிக்கச் சூழலியலாளர் டேனியல் ஜான்சன். வெப்பமண்டலப் புழுக்கள் நஞ்சுள்ள இலைகளைத் தின்பதால் குளவிகளுக்கு ஒத்துவரவில்லை என்பது போன்ற விளக்கங்களும் வந்தன. பிற்பாடு பெரு நாட்டின் அமேசான் காடுகளிலும் மத்திய அமெரிக்காவிலும் பொறிகளை நீண்ட காலம் வைத்துப் பார்த்தபோது இனங்கள் குவிந்தன. வெப்பமண்டலத்தில் குறைவாக இருந்தது குளவிகள் அல்ல, அவற்றைத் தேடியவர்களும் பெயரிட்டவர்களும்தான். பெயரில்லாதவை கணக்கில் வராது. கணக்கில் வராததை "இல்லை" என்று எடுத்துக்கொண்டால் அதன்மேல் கட்டப்படும் கோட்பாடும் சாயும்.

காட்டிலிருந்து பெயர் வரை

1. பிடித்தல். அதிகம் பயன்படுவது மலேஸ் பொறி. ஸ்வீடன் நாட்டுப் பூச்சியியலாளர் ரெனே மலேஸ் தன் பயணங்களில், கூடாரத்துக்குள் வந்த பூச்சிகள் மேல் மூலையில் போய்க் குவிவதைப் பார்த்து 1930களில் உருவாக்கியது இது. வலைத்துணிச் சுவரில் மோதும் பூச்சி மேல்நோக்கி ஏறும். ஏறிய இடத்தில் எத்தனால் நிரம்பிய புட்டி இருக்கும். மின்விசை, விளக்கு எதுவும் வேண்டாம். இதோடு சோப்பு நீர் நிரப்பிய மஞ்சள் தட்டுகளும், செடிகளின்மேல் வீசிப் பிடிக்கும் வலைகளும் உண்டு.

2. வளர்த்தல். புழுவைப் பிடித்து, அது தின்னும் இலையையே கொடுத்து வளர்த்தால், சில சமயம் பட்டாம்பூச்சிக்குப் பதில் குளவி வெளியே வரும். பொறியில் விழுந்த குளவி எந்தப் புழுவில் வாழ்ந்தது என்று சொல்லாது. வளர்த்து எடுத்த குளவி சொல்லிவிடும். வேலை மிக அதிகம். ஆனால் கிடைக்கும் தகவலுக்கு ஈடே இல்லை.

3. சீட்டு எழுதுதல். எந்த நாடு, எந்த இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், தேதி, பிடித்தவர், பிடித்த முறை, ஓம்புயிர் தெரிந்தால் அதுவும். என்னைக் கேட்டால் முழு வேலையிலும் முக்கியமான துண்டுக் காகிதம் இதுதான். விவரிப்பு தவறாக இருந்தால் அடுத்த தலைமுறை திருத்தி எழுதலாம். சீட்டு இல்லாத குளவி எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பதை எவராலும் திரும்பப் பெற முடியாது.

4. பிரித்து ஏற்றுதல். ஒரு பொறியின் ஒரு வாரச் சேகரிப்பில் ஆயிரக்கணக்கான பூச்சிகள் கலந்திருக்கும். முதலில் குடும்பவாரியாகப் பிரிக்க வேண்டும். இக்நியூமோனிட்டையும் பிரகோனிட்டையும் பிரிக்க முன்சிறகின் நரம்புகளைப் பார்ப்பார்கள். ஒரு குறிப்பிட்ட குறுக்கு நரம்பு முதல் குடும்பத்தில் ஏறத்தாழ எப்போதும் இருக்கும், இரண்டாவதில் இருக்காது. அப்புறம் சிறு முக்கோண அட்டையின் நுனியில் பசையால் ஒட்டி ஊசியில் ஏற்றுவார்கள். மிகச் சிறியவற்றைக் கண்ணாடித் தகட்டில் பதித்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

5. ஒப்பிடுதல். காலம் அதிகம் பிடிப்பது இதில்தான். புதியது என்று சொல்வதற்கு முன், அந்தப் பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதியில், ஏற்கெனவே பெயர் பெற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் விவரிப்புகள் பல நான்கைந்து வரிகள்தான். "கருப்பு, கால்கள் மஞ்சள்" என்றால் அது நூறு இனங்களுக்குப் பொருந்தும். பீட்டர் கேமரூன் போன்றவர்கள் வெப்பமண்டலக் குளவிகளை ஏராளமாக விவரித்தார்கள். அவர்களுடைய எழுத்தை மட்டும் வைத்து இனத்தை அடையாளம் காண்பது பெரும்பாலும் முடியாத காரியம். மூல மாதிரியைத் தேடித்தான் போக வேண்டும்.

6. எழுதி வெளியிடுதல். வேறுபடுத்தும் பண்புகள், முழு விவரிப்பு, படங்கள், பரவல், இனங்காணும் திறவுகோல். திறவுகோல் என்பது "முட்டையிடு குழல் பின்காலைவிட நீளமா, குட்டையா?" என்று படிப்படியாகக் கேட்டு விடைக்கு அழைத்துச் செல்லும் வரிசை. விவரிப்பைப் படிப்பவர்கள் சிலர். திறவுகோலைப் பயன்படுத்துபவர்கள் பலர்.

பெயருக்கான சட்டம்

விலங்குகளின் பெயர்களுக்கு ஒரு பன்னாட்டு விதித்தொகுப்பு இருக்கிறது. தொடக்க நாள் 1758 ஜனவரி 1, லின்னேயஸின் வகைப்பாட்டு நூலின் பத்தாம் பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. இப்போது நடப்பில் உள்ள நான்காம் பதிப்பு 2000 முதல் செயலில் இருக்கிறது. நமக்கு வேண்டியவை மூன்று விதிகள்.

ஒன்று, 1930க்குப் பிறகு வரும் பெயருக்கு, அந்த இனத்தை வேறுபடுத்தும் பண்புகள் சொற்களால் கூறப்பட்டிருக்க வேண்டும். படம் மட்டும் போதாது.

இரண்டு, 1999க்குப் பிறகு வரும் ஒவ்வொரு புதிய இனத்துக்கும் பெயரைத் தாங்கும் மாதிரி எது என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். ஹோலோடைப் எனப்படும் மூலமாதிரி என்பது ஒரே ஒரு குளவி. அது அந்த இனத்தின் சிறந்த உதாரணமாகவோ சராசரியாகவோ இருக்க வேண்டியதில்லை. பெயர் எந்த உடலோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதற்கான நங்கூரம் அது. ஒரு பெயருக்குள் இரண்டு இனங்கள் கலந்திருப்பதாக நாளை தெரிந்தால், மூலமாதிரி எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்கே பழைய பெயர் போகும். இதனால்தான் 2018 செப்டம்பரில் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் எரிந்து பூச்சித் தொகுப்பின் பெரும்பகுதி அழிந்தது அவ்வளவு பெரிய இழப்பானது. சந்தேகம் வந்தால் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டிய உடல்களும் அதில் போய்விட்டன.

மூன்று, முந்திய பெயருக்கே முன்னுரிமை. ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் வந்தால் முதலில் வந்தது நிற்கும்.

2012 முதல் மின்னிதழ்களில் வரும் பெயர்களும் செல்லும், ஆனால் சூபேங்க் என்ற பதிவேட்டில் அந்த வெளியீட்டைப் பதிந்திருக்க வேண்டும். இந்த விதிகளைச் சரிபார்த்து முன்கூட்டியே அனுமதி தரும் அலுவலகம் எதுவும் கிடையாது. விதிப்படி வெளியிட்டால் பெயர் செல்லும். அறிவியல்ரீதியாக அது ஏற்கத்தக்கதா என்பதை மற்றவர்கள் சோதித்துத்தான் முடிவு செய்வார்கள். 403 பற்றிய சர்ச்சையைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு அவசியம்.

டிஎன்ஏ பார்கோடு வந்த பிறகு

2003இல் கனடாவின் பால் ஹெபர்ட்டும் அவருடைய குழுவும் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சிஓஐ என்ற மரபணுவின் ஒரு துண்டு, ஏறக்குறைய 650 எழுத்துகள், விலங்கினங்களை அடையாளம் காணப் போதும் என்றார்கள். கடைப் பொருளின் பட்டைக்குறியோடு ஒப்பிட்டு அதற்குப் பார்கோடு என்று பெயர் வைத்தார்கள்.

இதன் பலன் மிகத் தெளிவாகத் தெரிந்த இடம் கோஸ்டா ரிக்காவின் குவானகாஸ்தே பாதுகாப்புப் பகுதி. முன்பு உச்சம் வடக்கில் என்று எழுதிய அதே ஜான்சனும் வின்னி ஹால்வாக்ஸும், அந்த ஊர் மக்களிலிருந்து பயிற்சி பெற்ற பணியாளர்களும், 1978 முதல் அங்கே புழுக்களைச் சேகரித்து வளர்த்து வருகிறார்கள். அப்படிக் கிடைத்த ஆறு பேரினக் குளவிகளை 2008இல் ஒரு குழு ஆராய்ந்தது. உருவத்தை மட்டும் வைத்துப் பிரித்தபோது 171 இனங்கள். பார்கோடையும் ஓம்புயிர் விவரத்தையும் சேர்த்தபோது 313. பல புழுக்களைத் தாக்கும் ஒரே இனம் என்று நினைத்தது, ஆளுக்கொரு புழுவைத் தாக்கும் பல இனங்களாகப் பிரிந்தது. டிஎன்ஏ ஒரு பிளவைக் காட்ட, ஓம்புயிரும் அதே இடத்தில் பிளவுபட, அதற்குப் பிறகு நுண்ணோக்கியில் தேடினால் சின்ன உருவ வேறுபாடும் தென்படும். மூன்று சாட்சிகள் ஒத்துப்போனால் சந்தேகத்துக்கு இடம் குறைவு.

பெயரில்லாத இனங்கள் லட்சக்கணக்கில் இருக்க, விவரிப்பவர்கள் கைவிரலால் எண்ணும் அளவில் இருந்ததால், வேகமாகச் செய்ய வேண்டும் என்ற அழுத்தம் வந்தது. 2012இல் தாய்லாந்தின் அலெயோடெஸ் பேரினத்தில் 179 புதிய இனங்கள் சுருக்கமான விவரிப்புகளோடு ஒரே வெளியீட்டில் வந்தன. 2021இன் 403 அதைவிட ஒரு படி தாண்டியது. பெரும்பாலான இனங்களுக்கு வேறுபடுத்தும் பண்பாகக் கொடுக்கப்பட்டது பார்கோடு எழுத்துவரிசை. கூடவே குளவியின் பக்கவாட்டுப் படம், 219 இனங்களுக்கு ஓம்புயிர் விவரம்.

எதிர்ப்பு எதற்கு?

1. எழுத்துவரிசையைக் கொடுப்பது வேறு, எது வேறுபாடு என்று சொல்வது வேறு. 650 எழுத்துகளை அப்படியே தந்துவிட்டால், அவற்றில் எந்த இடம் இந்த இனத்தை அடுத்த இனத்திலிருந்து பிரிக்கிறது என்பது சொல்லப்படவில்லை. "வேறுபடுத்தும் பண்புகளைச் சொற்களால் கூறு" என்ற விதியின் நோக்கம் இதில் நிறைவேறுகிறதா என்று விமர்சகர்கள் கேட்டார்கள்.

2. டிஎன்ஏ கொத்து என்பது இனம் அல்ல. பார்கோடுகளை ஒற்றுமை பார்த்துக் கணினி நிரல்கள் கொத்துகளாகப் பிரிக்கின்றன. நிரலை மாற்றினால், புது மாதிரிகள் சேர்ந்தால், கொத்தின் எல்லை நகரலாம். 2022இல் ருடால்ஃப் மையரும் அவருடைய குழுவும் இதே தரவை மறுபடி ஆராய்ந்து, இத்தகைய கொத்துகளுக்கு நேரடியாக இனப்பெயர் கொடுக்கத் தகாது என்று வாதிட்டார்கள்.

3. மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வரும். பூச்சிகளில் பரவலாக உள்ள உல்பாக்கியா என்ற பாக்டீரியாவும் தாய்வழியே வரும். இந்த பாக்டீரியா ஒரு கூட்டத்தில் பரவும்போது தன்னோடு ஒரு மைட்டோகாண்ட்ரியா வகையையும் இழுத்துப் பரப்பும். அதனால் ஒரே இனம் இரண்டாகத் தெரியலாம், இரண்டு இனங்கள் ஒன்றாகவும் தெரியலாம்.

4. பழைய பெயர்களோடு இணைப்பு அறுந்துபோகும். நூறாண்டுக்கு முந்திய மூலமாதிரி பலவற்றில் பார்கோடு எடுக்கப்படவில்லை. உருவத்தை விவரிக்காமல் விட்டால், "புதியது" என்று பெயரிட்ட குளவி 1900க்கு முன்பே பெயர் பெற்றதா என்று ஒப்பிடப் பொதுவான அளவுகோல் இல்லை.

5. டிஎன்ஏ ஆய்வகம் இல்லாதவர் அந்தப் பெயர்களைப் பயன்படுத்த முடியாது. வெப்பமண்டல நாடுகளில் ஒரு நுண்ணோக்கியை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்பவர்கள் ஏராளம். அவர்கள் கையில் திறவுகோல் இல்லாமல் போகிறது. இருக்கும் வாதங்களில் இதுவே வலுவானது என்று நினைக்கிறேன். பெயர் என்பது மற்றவரும் பயன்படுத்துவதற்காகத்தான்.

மறுபக்கத்தின் பதிலையும் லேசாக ஒதுக்க முடியாது. இனம் ஒன்றுக்கு மூன்று பக்க விவரிப்பு எழுதினால் காடு அழிவதற்குள் பத்தில் ஒரு பங்கைக்கூட முடிக்க முடியாது, பெயரில்லாத உயிரைப் பாதுகாக்கச் சொல்லி எவரிடமும் கேட்க முடியாது என்கிறார்கள். அவர்களுடைய அவசரம் உண்மையானது.

ஆனால் அந்த அவசரத்துக்கு வேறு வழியும் அதே காட்டிலேயே இருந்தது. 2014இல் குவானகாஸ்தேயின் அபாந்தெலெஸ் பேரினத்தில் 186 புதிய இனங்கள் ஒரே வெளியீட்டில் வந்தன. அதில் உருவம், டிஎன்ஏ, ஓம்புயிர் மூன்றும் இருந்தன, திறவுகோலும் இருந்தது. புழுக்களை வளர்த்துத் தந்த உள்ளூர்ப் பணியாளர்களின் பெயர்கள் பல இனங்களுக்குச் சூட்டப்பட்டன. பார்கோடைப் பிரிக்கும் கருவியாக முதலில் பயன்படுத்தி, பிரிந்த ஒவ்வொரு குவியலையும் கண்ணால் சரிபார்த்து, வேறுபாட்டை எழுதுவதே சரியான வரிசை. இந்த வழியில் ஒவ்வொரு குளவியையும் முதலிலிருந்து ஆராய வேண்டியதில்லை, சந்தேகம் உள்ளவற்றில் மட்டும் நேரத்தைச் செலவிடலாம்.

பெயர் தவறினால் என்ன ஆகும்?

1970களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளி வயல்களில் ஒரு மாவுப்பூச்சி பரவி, கோடிக்கணக்கானோரின் உணவை அழிக்கத் தொடங்கியது. மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. எனவே பூச்சியின் இயற்கை எதிரியும் அங்கேதான் இருக்கும் என்று தேடிப் போனார்கள். தென் அமெரிக்காவின் வடபகுதியில் மரவள்ளியின்மேல் அதே போன்ற மாவுப்பூச்சி கிடைத்தது. அதைத் தாக்கும் குளவிகளை எடுத்துச் சோதித்தால், ஆப்பிரிக்கப் பூச்சியில் அவை வேலை செய்யவில்லை.

காரணம் வகைப்பாட்டில் இருந்தது. ஆப்பிரிக்காவில் இருந்தது ஆணின்றியே இனம் பெருக்கும் பெனாகாக்கஸ் மனிஹோதி. வடபகுதியில் கிடைத்ததில் ஆண்களும் உண்டு. அது வேறு இனம் என்று தெரிந்து, 1981இல் பெனாகாக்கஸ் ஹெரெனி என்று பெயர் பெற்றது. தேடும் இடத்தை மாற்றினார்கள். அதே 1981இல் உண்மையான மனிஹோதி பராகுவேயில் கிடைத்தது, அதன் ஒட்டுண்ணிக் குளவியும் கிடைத்தது. அந்த ஆண்டே நைஜீரியாவில் குளவி விடப்பட்டது. பிறகு ஆப்பிரிக்காவின் மரவள்ளிப் பகுதி முழுவதும் பரவி, மாவுப்பூச்சியை அடக்கியது. இந்தத் திட்டத்தை வழிநடத்திய ஹான்ஸ் ஹெரென் 1995இல் உலக உணவுப் பரிசைப் பெற்றார்.

டிரைக்கோகிராமா என்ற முட்டை ஒட்டுண்ணிகளிலும் இதே கதைதான். அரை மில்லிமீட்டர் அளவுள்ள இவை பயிர்ப் பூச்சிகளின் முட்டைகளை அழிக்க உலகெங்கும் வளர்க்கப்படுகின்றன. நிறத்தை வைத்து இனம் பிரித்த காலத்தில் எந்த வயலில் எந்த இனத்தை விட்டார்கள் என்றே உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் வளரும் வெப்பநிலையைப் பொறுத்து நிறம் மாறும். 1960களின் இறுதியில் நாகர்கட்டி, நாகராஜா என்ற இரண்டு இந்திய ஆய்வாளர்கள் ஆணின் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பை வைத்துப் பிரிக்கலாம் என்று காட்டிய பிறகே அந்தப் பேரினம் ஒழுங்குக்கு வந்தது.

மரவள்ளியைக் காத்த குளவியின் முழுப்பெயர் அனகைரஸ் லோபெஸி (தெ சாந்திஸ், 1964). அடைப்புக்குறி, பேரினம் பிற்பாடு மாறியதைக் காட்டுகிறது. ஆண்டு, லூயிஸ் தெ சாந்திஸ் என்ற அர்ஜென்டீனியப் பூச்சியியலாளர் அதை விவரித்த ஆண்டு. ஆப்பிரிக்காவில் மாவுப்பூச்சி தலைகாட்டுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு, எந்தப் பயனும் எதிர்பார்க்காமல் அவர் அந்தச் சிறு குளவிக்குப் பெயர் எழுதி வைத்திருந்தார்.